மைனஸ் பன்னிரண்டு

மே 31, சனி

யாமினி போன் செய்தார். சென்னையில் சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் சத்தங்கள் சேர்த்துக் கொடுக்கும் நிறுவனம் நடத்துபவர். நான் போனில் பதிவு செய்து அனுப்பிய பத்துச் சத்தங்களும் திரும்பிவிட்டன.

“எடுத்த இடமெல்லாம் பிரமாதம் மேடம். எங்க ஆளுங்களுக்கு இந்தக் காது கிடையாது. ஆனா போன் மைக் எல்லாத்தையும் நசுக்கிடுது. நல்ல ரெக்கார்டர் ஒண்ணு நீங்களே தேர்ந்தெடுங்க. நாங்க வாங்கித் தர்றோம். ஜூன் முப்பதுக்குள்ள எதுன்னு சொல்லிடுங்க. திருச்சி சத்தம் மட்டும் முப்பது வேணும்.”

எந்த மாடல் என்று அவர் சொல்லவில்லை. “உங்க கைக்கு எது சரியா வருதோ அது” என்றார். நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவள் என்பது அவருக்குத் தெரியும். முதல் நாளே சொல்லிவிட்டேன். பின்னால் தெரிந்து ஆச்சரியப்படுகிறவர்களோடு எனக்குப் பொறுமை கிடையாது.

இவரிடம் சொன்னேன். “திரையெல்லாம் நான் பாத்துச் சொல்லிடறேன். நீ சத்தத்தப் பாரு” என்றார். இவருக்குக் கொஞ்சம் பார்வை உண்டு. லென்ஸ் வைத்துப் படிப்பார். அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். ஒன்பது வருடம் முன்பு எங்கள் கல்யாணத்தில், “உங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு கண்ணு இருக்கு, போதும்” என்று மாமியார் சொன்னார்.

நான் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கும் பாங்கில் இன்று முழுக்க இன்டர்காம் தகராறு. மாவு அரைக்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

பாலக்கரையில் காதர் மொய்தீன் பாய் கடைக்குப் போனோம். கல்யாண வீடியோக்காரர்களுக்குக் காமிராவும் மைக்கும் வாடகைக்கு விடுகிறவர். என் தம்பி கல்யாணத்தில் பழக்கம். விஷயத்தைச் சொன்னதும், “மூணு தினுசு இருக்கும்மா. ஒவ்வொண்ணா வீட்டுக்குக் கொண்டுபோயி வெச்சுப் பாருங்க. எது பிடிக்குதோ அதச் சொல்லுங்க” என்றார்.

முதலாவது நல்ல கனம். தலையில் நான்கு மைக். மேலே போர்த்துவதற்கு மயிர் அடர்ந்த உறை ஒன்று தந்தார். காற்று அடித்தால் புர்ரென்று இரையாமல் இருக்க. தடவினால் நாய்க்குட்டிபோல் இருக்கிறது. ஆனால் பொத்தான் என்று பார்த்தால் இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் தொடுதிரை. கண்ணாடியில் என் விரலுக்கு என்ன தெரியும்?

“இது எனக்கு ஆகாது பாய்.”

இவர் குறுக்கிட்டார். “நான் இருக்கேன்ல. எடுத்துட்டுப் போவோம்.”

எடுத்துக்கொண்டு வந்தோம்.

ஜூன் 3, செவ்வாய்

பொன்மலை ரயில்வே பணிமனையின் காலைச் சங்கு. இருவரும் வேலைக்குப் போகும் முன்பே ஆட்டோவில் போய் வெளிச்சுவர் ஓரம் நின்றோம்.

இதில் கவனிக்க வேண்டியது லெவல். சத்தம் உள்ளே எவ்வளவு ஏறுகிறது என்று திரையில் எண் ஓடும். மைனஸ் பன்னிரண்டு வாக்கில் நின்றால் நல்லது. சைபரைத் தொட்டால் சத்தம் கிழிந்துவிடும். இதை இவருக்கு நேற்றே விளக்கியிருந்தேன். சங்கு ஊதும்போது கேட்டேன். “மைனஸ் பன்னெண்டு. கரெக்டா நிக்குது” என்றார்.

வீட்டில் ஹெட்போனில் கேட்டேன். ஆரம்பம் முதல் கடைசிவரை கிழிசல்.

ஜூன் 4, புதன்

இட்லித் துணியில் தண்ணீர் தெளித்து இட்லியை உரிக்கும் சத்தம். அதற்கும் மைனஸ் பன்னிரண்டு என்றார். கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. அத்தனை மெல்லிசு.

சங்குக்கும் பன்னிரண்டு, இட்லித் துணிக்கும் பன்னிரண்டு. இந்த ரெக்கார்டரில் மீட்டர் கெட்டிருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

பாங்க் விட்டு வரும்போது பாயிடம் திருப்பிக் கொடுத்தேன். மீட்டர் கெட்டிருக்கிறது என்றேன். அவர் ஏதோ தட்டிப் பார்த்தார், கைதட்டினார், விசிலடித்தார்.

“மீட்டர் நல்லாத்தாம்மா ஓடுது.”

“அப்ப எங்க கைக்கு வரலைன்னு வெச்சுக்குங்க.”

வேறு எதுவும் கேட்காமல் இரண்டாவதை எடுத்துக் கொடுத்தார். இது உள்ளங்கையில் அடங்குகிறது. பொத்தான்கள் தனித்தனியாகக் கையில் தட்டுப்படுகின்றன. பக்கவாட்டில் பல் வைத்த சக்கரம். லெவலை அதில் கூட்டிக் குறைக்கலாம். பதிவுப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் காத்திருக்கும், சிவப்பு விளக்கு மினுக்கும். இன்னொரு முறை அழுத்தினால்தான் ஓடும், விளக்கு நிலையாக எரியும். எது மினுக்கல், எது நிலை என்று பார்க்க ஒரு கண் வேண்டும். அது இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் ரேஷன் கடைப் பக்கம் போய்விட்டு வந்தோம். வழக்கமாக இவரோடு போகும்போது இவர் முழங்கையைப் பிடித்துக்கொள்வேன், வெள்ளை ஸ்டிக் மடித்துப் பைக்குள் இருக்கும். இன்று பிரித்தே வைத்திருந்தேன். மடித்து மடித்து உள்ளே இருக்கும் எலாஸ்டிக் தளர்ந்துவிடுகிறது.

“என்கூட வரும்போது அது எதுக்கு?” என்று கேட்டார்.

எலாஸ்டிக் கதையைச் சொன்னேன்.

ஜூன் 10, செவ்வாய்

பேப்பர்காரரை இவர் நிறுத்திவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து காலையில் ஒரு பக்கமாவது எனக்குப் படித்துக் காட்டுவார். “எல்லாம் பொய்யி. எதுக்குப் படிச்சிக்கிட்டு” என்றார்.

காப்பி ஆற்றும்போது மேடையெல்லாம் கொட்டிவிட்டார். டம்ளர் வாய் குறுகல் என்றார். ஒன்பது வருடமாக இதே டம்ளர்தான்.

தையல் மிஷின், சைக்கிள் பம்ப், முறுக்குப் பிழியும் கட்டை. மூன்றும் தேறின. மூன்றுக்கும் லெவலைச் சக்கரத்தின் பல்லை எண்ணி நானே வைத்தேன்.

ஜூன் 14, சனி

இரண்டாம் சனி, பாங்க் விடுமுறை. காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. முத்தரசநல்லூர்ப் பக்கம் வாய்க்காலில் இன்று காலை விடுகிறார்கள் என்று எங்கள் பாங்க் காவலாளி கோபாலன் சொல்லியிருந்தார். அவருக்கு அங்கே வயல். மதகுக்குக் கொஞ்சம் கீழே, மேடான ஓர் இடத்தில் எங்களை நிறுத்திவிட்டுப் போனார்.

பதிவுப் பொத்தானை அழுத்தினேன். அதே நேரத்தில் யாரோ, “வருது, வருது” என்று கத்தினார்கள். இரண்டாவது முறை அழுத்தினேனா இல்லையா என்று எனக்கே குழப்பமாகிவிட்டது. விளக்கு நிலையாக எரிகிறதா என்று இவரிடம் கேட்டேன். “எரியுது, எரியுது. ஓடுது” என்றார்.

தண்ணீர் வருவதற்கு முன்பே சருகு வருகிறது. ஆறு மாதச் சருகு, பாட்டில், காய்ந்த குச்சி எல்லாம் முன்னால் தள்ளிக்கொண்டு நொறுங்கி வருகிறது. அப்புறம் அடியில் ஒரு கனமான ஊர்தல். எங்கள் காலடியைத் தாண்டிப் போன பிறகு, ஓரத்து வெடிப்புகளில் தண்ணீர் இறங்கும்போது மண் குமிழ் விடுகிறது. புளுக் புளுக்கென்று, ஆயிரம் இடத்தில். நான் அசையாமல் பன்னிரண்டு நிமிடம் நின்றேன். கையில் எறும்பு ஏறியது, தட்டவில்லை.

இவரும் மூச்சு விடவில்லை. “சுகந்தி, இதக் கேட்டா அந்தம்மா ஆடிப்போயிடுவாங்க” என்றார், நான் நிறுத்திய பிறகு.

அசதி. நாளை கேட்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

தண்ணீர் இல்லை.

கார்டில் முறுக்குக் கட்டை இருக்கிறது, சைக்கிள் பம்ப் இருக்கிறது, வாய்க்கால் இல்லை. மூன்று முறை தேடினேன். கணினியின் குரல் ஒவ்வொரு கோப்பாகப் படித்தது. பதிவு ஓடவே இல்லை. ஒரு முறை அழுத்தியதோடு காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. நான் நிறுத்தியபோது அதையும் கைவிட்டிருக்கிறது.

“லைட்டு எரிஞ்சுதே. நான் பாத்தேனே. மிஷின்ல ஏதோ கோளாறு” என்றார் இவர்.

“இருக்கும்” என்றேன்.

கோழிக்குழம்பு வைத்தேன். உப்பு கூடிவிட்டது. இரண்டு பேரும் அதைப் பற்றி மட்டும் பேசினோம்.

ஜூன் 16, திங்கள்

சாயங்காலம் ரெக்கார்டரை இவர் முகத்துக்கு நேராக நீட்டி, “லெவல் எவ்வளவு காட்டுது?” என்று கேட்டேன். கொஞ்சம் குனிந்து பார்த்து, “மைனஸ் பன்னெண்டு” என்றார். பிறகு என் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்தார்.

அதில் பேட்டரி இல்லை. நான்தான் கழற்றியிருந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. கரண்ட் கணக்கெடுக்க ஆள் வந்தார். மாவு அரைத்தேன்.

சின்ன வயதில் என் பெரியப்பா மகன் என் முன்னால் விரலைக் காட்டி, “எத்தன, சொல்லு” என்று கேட்டுச் சிரிப்பான். நேற்று நான் செய்ததும் அதுதான்.

ஜூன் 20, வெள்ளி

இரண்டாவதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தனியாகத்தான் போனேன். இவர் ஸ்பெஷல் கிளாஸ் என்றார்.

பாய் டீ சொன்னார். டீ வந்த பிறகும் தயங்கிக்கொண்டே இருந்தார்.

“சார் போன புதன்கிழமை வந்திருந்தாரும்மா. உங்ககிட்ட சொல்லலியா?”

“இல்லியே. என்னவாம்?”

“திரை பெரிசா உள்ள மிஷின் இருக்கான்னு கேட்டாரு. இருக்குறதுலயே பெரிசா எடுத்துக் காட்டுனேன். கண்ணுகிட்ட வெச்சுப் பாத்தாரு. வாசல் வெயிலுக்குக் கொண்டுபோயும் பாத்தாரு. அப்புறம், ‘இதவிடப் பெரிசு வராதா பாய்’னாரு. டிவிதான் சார் இருக்குன்னு சொல்லிட்டேன். வெளாட்டுக்குத்தான் சொன்னேன். மனசுக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு.”

நான் டீயைக் குடித்து முடித்தேன். “மூணாவது எங்க பாய்?” என்று கேட்டேன்.

மூன்றாவது பேசுகிறது. பொத்தானை அழுத்தினால், ஒரு பெண் குரல் இங்கிலீஷில் என்ன அழுத்தினோம், எங்கே இருக்கிறோம், பேட்டரி எவ்வளவு என்று சொல்கிறது. ஓட ஆரம்பித்தால் பீப் அடிக்கிறது. லெவல் வைக்கவே வேண்டாம். கிசுகிசுப்பையும் இடியையும் அப்படியே வாங்கிக்கொள்ளும், பிறகு கணினியில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். திரை இருக்கிறது, ஆனால் யாரும் அதைப் பார்க்க வேண்டியதில்லை.

பாய் இதை முதலிலேயே ஏன் தரவில்லை என்று கேட்டேன். “சார் பக்கத்துல நின்னு, ‘நான் இருக்கேன்ல’ன்னாரேம்மா” என்றார்.

ஜூன் 21, சனி

இவர் ரெக்கார்டரின் குரலைக் கேட்டார். இரண்டு மூன்று முறை பொத்தானை அழுத்தி அழுத்திக் கேட்டார்.

“நல்லாருக்கு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப நான் எதுக்கு?” என்றார்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். என்னால் சிரிக்க முடியவில்லை. “நாளைக்குக் காந்தி மார்க்கெட் போறோம். மூட்டை இறக்குற சத்தம் வேணும். வாங்க” என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

மார்க்கெட் நன்றாகப் போனது. வெங்காய மூட்டை லாரியிலிருந்து முதுகுக்கு மாறும் சத்தம், சாக்கைக் கிழிக்கும் சத்தம், தராசுத் தட்டு. ஆறு கோப்பு. எல்லாம் இருக்கின்றன என்று ரெக்கார்டரே சொன்னது.

திரும்பி வரும்போது எங்கள் தெருமுனையில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டியிருந்தார்கள். என் இடது கை இவர் முழங்கையில், வலது கையில் ஸ்டிக். ஸ்டிக் முனை காற்றில் இறங்கியது. நான் நின்றேன். “ஏங்க” என்பதற்குள் முழங்கை என் கையிலிருந்து போய்விட்டது.

ஆழம் இடுப்பளவுதான். எதிர்க் கடைக்காரரும் இன்னொருவரும் தூக்கிவிட்டார்கள். முழங்காலில் நல்ல காயம். “இவ்ளோ பெரிய குழி தெரியலையா சார்? கண்ணு தெரியாத அந்தம்மா நிக்கிறாங்க பாருங்க” என்றார் கடைக்காரர்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். காயத்தைக் கழுவினேன்.

“எப்பலேருந்து?” என்று கேட்டேன்.

“எது?”

“ஏங்க.”

காயத்தை ஊதிக்கொண்டார். பிறகு சொன்னார். இரண்டு வருடம் முன்பே டாக்டர் சொல்லியிருக்கிறார். முதலில் ஓரமெல்லாம் போயிற்று, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல். இப்போது அந்தக் குழாயும் மூடிவிட்டது. வெளிச்சம், நிழல், அவ்வளவுதான்.

“பள்ளிக்கூடத்துல?”

“பத்தாம் வகுப்பு மனப்பாடம் சுகந்தி. புத்தகத்தத் திறந்து வெச்சுக்குவேன். நடுவுல பக்கம் திருப்பணும்ல, அதையும் கணக்கு வெச்சுத் திருப்புவேன். பசங்களுக்குத் தெரியாது. இந்த வருசம் பன்னெண்டாம் வகுப்பக் குடுத்துட்டாங்க. அது எனக்கு மனப்பாடம் இல்ல.”

“என்கிட்ட ஏன் சொல்லல? என்கிட்டயா சொல்லக் கூடாது?”

“ஒன்கிட்டதான் சொல்லக் கூடாதுன்னு நெனச்சேன். ஒனக்குன்னு என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதானே.”

எனக்குக் கோபம் வந்தது. ஒன்பது வருடம் இவர் கண்ணுக்காகவா இவரோடு இருந்தேன்? கத்த வேண்டும்போல் இருந்தது. டீக்கடையில் ஆள் இருந்தார்கள். “நானும் ஒண்ணு சொல்லணும்” என்றேன். “போன திங்கக்கெழம ரெக்கார்டர்ல பேட்டரி இல்ல.”

“தெரியும்” என்றார். “சொன்னப்புறம்தான் கையில வாங்குனேன். லேசா இருந்துச்சு.”

ஆறு நாள் இரண்டு பேரும் தெரிந்துகொண்டே சாதம் போட்டுச் சாப்பிட்டிருக்கிறோம்.

அப்போதுதான் என் பைக்குள்ளிருந்து அந்த இங்கிலீஷ்காரி, பேட்டரி குறைகிறது என்று சொன்னாள். மார்க்கெட் இரைச்சலில், ஏழாவதாக ஒன்று பைக்குள் ஓட ஆரம்பித்தது எனக்குக் கேட்கவில்லை. விழுந்தது, கடைக்காரர் பேசியது, இவர் சொன்னது எல்லாம் உள்ளே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்த ஒரு கோப்பை மட்டும் தேடி அழித்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டாள். ஆமாம் என்று அழுத்தினேன்.

ஜூன் 25, புதன்

இருவரும் அரை நாள் விடுப்பு. கண் ஆஸ்பத்திரி. டாக்டர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. இதற்கு மருந்து கிடையாது. புது மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தார். “பழைய சர்டிபிகேட்ல இருக்குற அளவு இப்ப கிடையாது. மாத்திக்குங்க. வேலைக்கு ஒண்ணும் ஆகாது” என்றார். வெளியே வந்து இவர் பாத்ரூம் போனார். கால் மணி நேரம் கழித்து வந்தார். முகம் கழுவிய ஈரம் கையில் இருந்தது. ஏன் இவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

இவரே தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொல்லிவிட்டார். நான் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றார்.

அந்த அம்மாள் முதலில் சத்தம் போட்டாராம். “ஒரு வருசமா என்ன ஏமாத்துனீங்களா சார்?” என்று. பிறகு பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கணினி படித்துச் சொல்லும் வடிவில் எங்கே வாங்கலாம் என்று இவரைக் கேட்டிருக்கிறார். அதை நான் நேற்றே இறக்கி வைத்துவிட்டேன். இரண்டு பாடம் கேட்டுவிட்டார். அந்த இயந்திரக் குரல் பிரெஞ்சுப் புரட்சியைப் படிக்கும் விதம் சகிக்கவில்லை என்கிறார்.

ஜூன் 29, ஞாயிறு

மொட்டை மாடியில் ஸ்டிக் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு மணி நேரம். கோபக்காரர். தண்ணீர்த் தொட்டியில் இடித்துக்கொண்டு ஸ்டிக்கைத் திட்டினார். “அதத் திட்டாதீங்க. நீங்க தூக்கிப் பிடிச்சா அது என்ன செய்யும்?” என்றேன். ஸ்டிக்கைத் தூக்கக் கூடாது, தரையோடு தேய்த்துக்கொண்டு வலமும் இடமும் போக வேண்டும். நாளைக்கும் வருகிறேன் என்றார். வரச் சொல்லி நான் கெஞ்சவில்லை.

ஜூன் 30, திங்கள்

யாமினிக்கு எழுதிவிட்டேன். மூன்றாவதுதான் வேண்டும். காரணம்: பொத்தான் கையில் தட்டுப்படுகிறது, செய்வதைச் சொல்கிறது, லெவல் பார்க்க வேண்டாம். குறை: மைக் இரண்டுதான், உறையில்லாமல் வெளியே எடுக்க முடியாது, பேட்டரி சீக்கிரம் தீர்கிறது. மறுபடி எடுத்த சங்கு, இட்லித் துணி, அப்புறம் வெங்காயம் உட்பட இருபத்திரண்டு சத்தம் தயார். வாய்க்காலில் முதல் தண்ணீர் இல்லை. அதற்கு அடுத்த வருடம்தான்.

போன் செய்தார். “இட்லித் துணி என்ன மேடம் இப்படி இருக்கு! பக்கத்துல உக்காந்து உரிக்கிற மாதிரி” என்றார். புதிதாக எடுத்தது. லெவலைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஜூலை 3, வியாழன்

இவர் இன்று பள்ளிக்குத் தனியாக, ஸ்டிக்கோடு, பஸ்ஸில் போனார். எட்டேகாலுக்குக் கிளம்பினார். ஒன்பது மணிக்குள் போய்விடலாம். ஒன்பதே முக்கால்வரை போன் வரவில்லை. பாங்கில் மூன்று அழைப்பைத் தப்பான சீட்டுக்குப் போட்டேன். பத்து மணிக்கு, “வந்துட்டேன். சாயங்காலம் சொல்றேன்” என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

“பஸ்ல ஒருத்தன், நான் ஒண்ணுமே கேக்கல, கையப் புடிச்சு, ‘வாங்க சார், வாங்க சார்’னு எறக்கி விட்டுட்டான். ரோட்டையும் தாண்டி விட்டுட்டான். என் ஸ்டாப்பே அது இல்ல! நான் எந்த ரோட்டையும் தாண்ட வேண்டியதில்ல! ‘நல்லபடியா போங்க’ன்னுட்டுப் போயே போயிட்டான்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கல்லூரி நாளிலிருந்து என்னை இப்படி இறக்கிவிட்டவர்களைச் சேர்த்தால் ஒரு பஸ்ஸே நிறையும்.

“சிரிக்கிற? முக்கா மணி நேரம் சுத்துனேன்.”

“வேணாம்னு சொல்லலியா நீங்க?”

“சொன்னேனே.”

“எப்படிச் சொன்னீங்க? சொல்லிக் காட்டுங்க.”

“வேணாங்க” என்றார், கல்யாண வீட்டில் இரண்டாம் முறை பாயசம் மறுப்பதுபோல்.

“அப்படிச் சொன்னா தூக்கிட்டே போயிடுவாங்க. வயித்துலேருந்து வரணும். கைய உதறிட்டு, நின்ன இடத்துலயே நிக்கணும்.”

அடுப்பை அணைத்தேன். கூடத்தில் நிற்க வைத்து, நான் பஸ்காரனாகி இவர் கையைப் பிடித்து இழுத்தேன். “வாங்க சார், வாங்க சார்.” முதல் இரண்டு தடவை இழுத்த இழுப்புக்கு வந்தார். மூன்றாவது தடவை கையை உதறினார். நாலாவது தடவை, “வேணாங்க! விடுங்க!” என்று போட்ட சத்தத்தில் பாத்திர அலமாரி அதிர்ந்தது. “இன்னும்” என்றேன். “விடுங்கன்னு சொல்றேன்ல!” என்றார்.

கீழ் வீட்டு அம்மாள் மூச்சிரைக்கப் படியேறி வந்து கதவைத் தட்டினார். “என்னம்மா சுகந்தி, சண்டையா? சார் ஏன் இப்படிக் கத்துறாரு?”

“அதெல்லாம் இல்லைங்க” என்றார் இவர், இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு. “பாடம் படிக்கிறேன்.”